கண் எழுதிய கிண்ணம்

மருந்தை அளவு பிசகாமல் கொடுப்பதில் என்மீது குறை சொல்வார் சேலத்தில் எவருமிலர். ஆகவே, “அளவு தப்பிப்போச்சுன்னு எழுதிக்கலாமுங்களா, பண்டிதரே?” என்று தாங்கள் பரிவுடன் கேட்டபோது, இன்ஸ்பெக்டர் ஐயா, நான் இசையவில்லை.

என் மகள் கமலவேணி, காய்ச்சலும் இருமலுமாக இராசிபுரத்துப் புகுந்த வீட்டிலிருந்து என்னிடம் வந்து இரண்டாண்டுகள் ஆயின. தாயில்லாத பெண். கஷாயம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்காகவே அந்தக் கிரேக்க நாட்டுக் கிண்ணத்தை எடுத்தேன். மேட்டூர் அணை வேலையில் இருந்த துரை ஒருவர், பள்ளித் தமிழாசிரியனான நான் தமக்குத் தமிழ் கற்பித்ததற்காக, தம் நாடு திரும்புகையில் எனக்குக் கொடுத்தது. செம்மண்ணால் ஆன மெல்லிய கிண்ணம். அதன்மேல் கரிய உருவங்கள். கருமையை ஊசியால் கீறி மயிரும் பல்லும் காட்டியிருந்தார்கள். உள்ளே, அடியில், நாக்கை நீட்டிய ஒரு முகம். கடைசி மிடறு இறங்கினால்தான் தெரியும்.

முதல் நாளே சிரித்துவிட்டாள். “ஏனுங்கப்பா, காளியாத்தாளுக்கே உங்க கஷாயம் கசக்குதாட்ட இருக்குது. நாக்கத் தொங்கப் போட்டுட்டா பாருங்க.”

அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நாள்தோறும் துளி மிச்சமின்றிக் குடித்தாள்.

தை மாதத்தில், நெஞ்சு தெளிந்துவிட்டது, மருந்தை நிறுத்தலாம் என்றார் அவளைப் பார்த்துவந்த மருத்துவர். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சோர்வு தரும் வேர் ஒன்றைச் சேர்த்து அரைத்துக் கஷாயத்தைத் தொடர்ந்தேன். அவள் உறங்குவாள், நான் அருகில் அமர்ந்து மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவேன். நன்றாகவே இருந்தோம்.

மருமகன் தண்டாயுதபாணி மருத்துவரைத் தாமே கண்டு விசாரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வண்டியுடன் வருவதாக எழுதினார். கடிதத்தை அவள் என்னிடமே படித்துக் காட்டினாள். தகரப்பெட்டியில் சேலைகளை அடுக்கி, நடுவே அந்தக் கிண்ணத்தையும் துணியில் சுற்றி வைத்தாள். அங்கே அவள் கால்விட்டு அமர்ந்து நெய்ய வேண்டியது ஈரம் ஊறும் தறிக்குழி. மறுபடியும் இருமல் வரும். அவளை யார் பார்ப்பார்? அவளை அத்துன்பத்திலிருந்து காப்பது என் கடமை என்று கண்டேன்.

வியாழக்கிழமை காலை, கஷாயத்தில் அரளி விதையை அரைத்துக் கலந்தேன்.

“நாளைக்கு அவிங்க வந்துருவாங்க. இன்னுமாங்கப்பா இந்தக் கசப்பு?”

“இதுதான் கடைசி, சாமி.”

“அப்ப ஆத்தாகிட்டப் போயிட்டு வாரேன்னு சொல்லிப்போடறேன்.”

முழுவதையும் குடித்தாள். அளவு சரியாகவே இருந்தது.

வாக்குமூலத்தில் ஒரே ஒரு திருத்தம். குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று நேற்றுச் சொன்னேன். அது சரியன்று. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் எழுதியிருக்கும். உயர்த்திக் குடிக்கையில் குடிப்பவர் முகம் மறைந்து, அக்கண்களே எதிரில் இருப்பவரைப் பார்க்கும். டம்ளரில் கொடுத்திருந்தால் என் மகளின் கண்கள் தெரிந்திருக்கும், பாதியிலேயே பிடுங்கியிருப்பேன்.

அதனால்தான் அவள் பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுத்தேன்.