சின்ன லிவர்

உங்கள் மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, சார். அந்தக் கிர்ர் சத்தம் அதுதான். ஏணி ஒன்று கொடுத்தால் பேசிக்கொண்டே சரிசெய்துவிடுவேன். பழுதைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. என் பட்டறையைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். மற்றவர்கள் கைவிட்ட வண்டிதான் என்னிடம் வரும்.

அந்த ஜீப்பும் அப்படித்தான் வந்தது. என் மாமனார் மலைப்பாதையில் ஓட்டிய பழைய ஃபோர் வீல் வண்டி. அவர் போன பிறகு கொட்டகையில் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. "நீங்க கை வெச்சா உயிர் வந்துடும்" என்றாள் என் மனைவி. வைத்தேன். துருவைச் சுரண்டி, இற்றுப்போன தகட்டை வெட்டி மாற்றி, இன்ஜினை இறக்கி ஏற்றி, பச்சை பெயிண்ட் அடித்தேன். உயிர் வந்தது.

ஒரே ஒரு குறை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மேட்டில் திடீரென்று நின்றுவிடும். கொஞ்சம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பெட்ரோல் பம்பை மாற்றினேன். காயிலை மாற்றினேன். கண்ணாமூச்சி காட்டியது. வேறு வண்டிகளைத் தள்ளிவைத்துவிட்டு அதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் என் மச்சினன் சீட் தைக்க வந்தான். மனைவியின் தம்பி. வண்டிகளுக்கு சீட்டும் கூரையும் தைப்பது அவன் தொழில். கை வேகமானது, வாய் அதைவிட வேகமானது. அந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைக் கழற்றியவன் சும்மா இருக்காமல் டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு கம்பியை விட்டு ஒரு துணியை வெளியே இழுத்தான். பூப்போட்ட துணி. துடைப்பதற்காக அவன் கடையிலிருந்து நான் வாங்கிவரும் வெட்டுத்துணி. டேங்கைக் கழுவியபோது உள்ளே விழுந்திருக்கிறது. வண்டி ஓடும்போது குழாய் வாயை அடைக்கும், நின்றதும் விலகிவிடும். அவ்வளவுதான் பழுது.

"என்ன மச்சான், வண்டிக்கு பெட்ரோலோட சட்டையும் ஊத்துவீங்களா?" என்றான். நானும் சிரித்தேன். நான் கோபப்படுகிறவன் இல்லை.

அதை அவன் வீட்டில் சொன்னான். தெருவில் சொன்னான். துணியைத் துவைத்து, ஜீப்பின் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டான். வண்டி விட வந்தவர்கள், "உள்ளே துணி எதுவும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பட்டறைக்குத் துணிக்கடை என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் அதை நடித்துக் காட்டினான். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு பழுது இருந்தால் அதை நீக்க வேண்டும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

சீட் தைத்து முடிந்தது. அதைப் பொருத்தும்போது மேலே ஒருவர் போல்ட்டைத் திருக, கீழே ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுக்க அவனுக்குப் பயம், ஆனாலும் கீழே அவனைத்தான் படுக்கச் சொன்னேன். என் பட்டறைத் தரை கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும். ஜீப்பின் மூக்கும் அந்தப் பக்கமே இருந்தது. ஹேண்ட் பிரேக்கைக் கழற்றி வெளியே பழுதுபார்க்க அனுப்பியிருந்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன்.

"கியர்ல இருக்கா மச்சான்?" என்றான். எப்போதும் கேட்பான், கியரில் இருந்தால் வண்டி உருளாது.

"ஃபர்ஸ்ட்ல இருக்கு மாப்ள." கியரை ஆட்டிச் சத்தமும் காட்டினேன். நான் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஜீப்பில் இரண்டு லிவர். பக்கத்தில் இருக்கும் சின்ன லிவர் நியூட்ரலில் நின்றால், பெரிய கியர் எதில் இருந்தாலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வண்டி உருளும். பழைய ஜீப்பில் கை வைத்தவன் எவனும் சின்ன லிவரைத் தொட்டுப் பார்க்காமல் கீழே படுக்க மாட்டான். அவன் தையல்காரன்தானே.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் குறுக்காகப் படுத்தான். நட்டுகளை முடுக்கும்வரை காத்திருந்தேன், வேலை பாதியில் நிற்கக் கூடாது. பிறகு, "அந்தக் கட்டைய எடுத்துக் குடு மாப்ள, சீட்டுக்கு முட்டுக் குடுக்கணும்" என்றேன். கட்டை இறுகியிருந்தது. ஸ்பேனரால் அவனே தட்டி எடுத்தான்.

பின்சக்கரம் அவன்மேல் ஏறியது ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். வண்டி போய் வாசல் தூணில் முட்டி நின்றது. "மச்சான்" என்று கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கூப்பிட்டான். நான் இறங்கி முதலில் பம்பரைப் பார்த்தேன். பெயிண்ட் புதிது. கீறல் இல்லை. பிறகு அவன் பக்கம் போனேன். அதற்குள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

நீங்கள் வந்து பார்த்துவிட்டு, மறதியால் நடந்த விபத்து என்று சொன்னீர்கள். இங்கே ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் என் மனைவி உங்களிடம் அழுதுகொண்டே பேசியது கேட்டது. என்னைக் காப்பாற்றத்தான் பேசினாள்.

"அவரு வேணும்னு செய்யல சார். கொஞ்சம் மறதி. அன்னைக்கு டேங்குல துணிய விட்டாரு, இன்னைக்கு லிவர விட்டுட்டாரு."

வாசலில் நின்ற உங்கள் காவலர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

லிவரை நான் மறக்கவில்லை, சார். காலையிலேயே நியூட்ரலில் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்தேன். மறதி என்பதை அடித்துவிட்டு, வேண்டுமென்றே என்று எழுதுங்கள். என் மனைவியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், உன் வீட்டுக்காரர் எதையும் மறக்கிறவர் இல்லை என்று. கேட்டால் அவளுக்கும் நிம்மதியாக இருக்கும்.