இருவருக்கான சீசன் பாஸ்

வீடியோ கேமுக்கு சீசன் பாஸை முன்கூட்டியே வாங்கி வைப்பது லாபமா என்று உங்கள் எழுத்தர் கேட்டார். வீட்டில் மகள் நச்சரிக்கிறாளாம். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யப்போகிறவர், அதனால் அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பொதுவாக வேண்டாம் என்பேன். விளையாட்டு வெளியாகும் முன்பே, இன்னும் நான்கு பகுதி வரும் என்று சொல்லி மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது அரைகுறையாக வரும், மூன்றாவது தள்ளிப்போகும். அதற்குள் நமக்கே அலுத்துவிடும். ஒவ்வொன்றும் வந்த பிறகு, நாலு பேர் ஆடிப் பார்த்துச் சொன்னதும் வாங்கினால் போதும்.

நான் முன்கூட்டியேதான் வாங்கினேன். எனக்கு ஒன்று, என் தம்பிக்கு ஒன்று. நான்கு பகுதி பாக்கி இருக்கிறது என்றால், அவன் இன்னும் நான்கு முறையாவது என் பக்கத்தில் வந்து உட்காருவான். எனக்கு அது வேண்டியிருந்தது.

மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை, குழந்தைக்கு இருமல் என்று நாளெல்லாம் ஆட்கள் என்னிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்பா அம்மா போனபோது தம்பிக்குப் பதினொன்று, எனக்கு இருபது. பதினான்கு வயதில் அவனுக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாளுக்கு ஒன்றாக ஏழு மூடி வைத்த டப்பாவில் அவன் மாத்திரைகளை நான்தான் அடுக்குவேன். கடைசி நான்கு வருடம் ஒரு வலிப்புகூட வரவில்லை. அந்தப் பெருமையில் பாதி என்னுடையது.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். சதுப்பு நிலத்தில் வழி தவறிய இரண்டு பேர். ஒவ்வொரு கதவிலும் இரண்டு கைப்பிடி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். வழியில் ஆங்காங்கே விளக்குக் கம்பம் இருக்கும். இருவரும் அதன் வெளிச்சத்தில் போய் நின்றால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். நடுவில் நிறுத்தினால் அவ்வளவும் போச்சு. அவன் எப்போதும் முன்னால் ஓடிவிட்டு, "அக்கா, ஆமையா நீ? சீக்கிரம் வாயேன்" என்பான். அந்தக் குரலைக் கேட்கவே வேண்டுமென்று மெதுவாகப் போவேன்.

இரண்டாவது பகுதி முடிந்த அன்று சொன்னான். "அக்கா, துறைமுகத்துல கிரேன் ஓட்டுற வேலை. அடுத்த மாசம் மெடிக்கல். அவளுக்கும் அந்த ஊர்லயே டீச்சர் வேலை கிடைச்சிருக்கு." அவள் என்றால் அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள்.

"அப்போ மீதி ரெண்டு பகுதி?" என்றேன்.

"யாராவது ஃப்ரெண்டோட ஆடிக்கோயேன்" என்று சிரித்தான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு அப்படி யாரும் இல்லை என்பது இத்தனை வருடத்தில் அவனுக்குத் தெரியாமலே போயிருந்தது. அன்று ரொம்ப வலித்தது.

சமீபத்தில் வலிப்பு வந்தவரைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள். ஒரே ஒரு முறை வந்தால் போதும். எங்கள் கடையில் ஒரு சத்து மாத்திரை இருக்கிறது. அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம், நடுவில் அதே கோடு. மூன்று ஞாயிறு அதை அடுக்கினேன். நான்காவது வாரம் பேருந்து நிலையத்தில் விழுந்தான். முன்பல் கொஞ்சம் உடைந்தது, வேலையும் போனது. என் தோளில் சாய்ந்து அழுதான், எனக்கும் நிஜமாகவே அழுகை வந்தது. அடுத்த ஞாயிறே சரியான மாத்திரையைத் திரும்ப அடுக்கிவிட்டேன். நான் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல.

மூன்றாவது பகுதி வந்தது. அந்த இரண்டு மாதத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. அவன் அதிகம் பேசவில்லை, ஆனால் தினமும் வந்து உட்கார்ந்தான்.

பிறகு ஒருநாள், "கிரேன் இல்லாட்டி என்ன, அங்க போய் வேற ஏதாவது பாத்துக்கறேன். அவ எவ்ளோ நாள்தான் காத்திருப்பா?" என்றான். டிக்கெட்டே எடுத்துவிட்டிருந்தான். அவன் கிளம்பும் நாளுக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் நான்காவது பகுதி வெளியாக இருந்தது. அந்தப் பதினோரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போ என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒரு கேமுக்காகவா, அக்கா?" என்றான்.

டப்பாவை மறுபடி மாற்றினேன். சின்னதாக ஒன்று வந்தால் டாக்டரே ஒரு மாதம் பயணம் வேண்டாம் என்பார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, மூன்றாவது பகுதியின் கடைசிக் கட்டத்தை ஆடிக்கொண்டிருந்தோம். அவன் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவியது, அப்படியே நாற்காலியோடு சாய்ந்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்குத் தலையணை வைத்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கடைக்கு வருபவர்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவன் விழுந்த சத்தம் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கேட்டது ஐந்து நாற்பதுக்கு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஐந்து ஐம்பத்து நான்குக்கு. விளையாட்டு பதிவானது ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு என்று விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. விளக்குக் கம்பம் தூரத்தில் இருந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் அந்த மாலை முழுதும் அழிந்துபோயிருக்கும், அவன் இனிமேல் அதைத் திரும்ப ஆட உட்காரவும் மாட்டான். அதனால் அவன் கன்ட்ரோலரையும் எடுத்துக்கொண்டேன். வலது கையில் நான், இடது கையில் அவன். பழக்கமில்லாததால் நேரம் பிடித்தது. பின்னால் அவன் குதிகால் தரையில் அடிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. விளக்கடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சத்தமும் நின்றிருந்தது.

இரத்தத்தில் மருந்து இருக்கிறதா பாருங்கள் என்று டாக்டரிடம் ஒற்றைக்காலில் நின்றவள் அந்த டீச்சர்தான். துளிகூட இல்லை என்று வந்தது. பிறகு மாத்திரை டப்பாவையும் அவளே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டிக்காரி, அவனுக்குப் பொருத்தமானவள்தான்.

அவன் உயிரோடு இருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரக் கட்டில். யாரையும் அடையாளம் தெரியவில்லை. போன வாரம் நான்காவது பகுதி வந்ததும் பெட்டியை அங்கே கொண்டுபோனேன். நர்ஸ் நல்ல பெண், தடுக்கவில்லை. அவன் கையில் கன்ட்ரோலரை வைத்து, அவன் கட்டைவிரல் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். முதல் கதவு திறந்தது. சீக்கிரம் வா என்று அவன் சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை. எழுத்தர் மகளுக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டு பேருக்குமாக வாங்கச் சொல்லுங்கள், அவரும் கூட உட்காரட்டும்.

மாத்திரையை மாற்றியவள் நான்தான். இரண்டு முறையும். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துடித்துக்கொண்டிருந்தவனை நான் அப்படியே விட்டுவிட்டேன் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதை மட்டும் திருத்த வேண்டும். விளக்குக் கம்பத்துக்குப் போகும் வழியில், அந்தச் சதுப்பில் அவன் இரண்டு முறை மூழ்கினான். இரண்டு முறையும் பாதி வழி திரும்பிப் போய் அவனைத் தூக்கி வந்தவள் நான்.