அடையாளம் தெரியாத சிரிப்பு

…இல்ல தம்பி, எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு தான். உங்க மெஷினுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையாமே. இது சோப்பு விளம்பரம், இது செய்திக்கு முன்னாடி வர்ற மியூசிக்குனு யாரும் காட்டிக் குடுக்கல. அதுவா உக்காந்து எங்க ரேடியோவ நாள் பூரா கேக்குதாம். முன்னாடி கேட்ட சத்தம் மறுபடி அச்சு அசலா வந்துச்சுன்னா டக்குனு பிடிச்சுக்குதாம். அது என்ன, யாரோடதுன்னு அதுக்கே தெரியாது. தெரியலன்னா பேசாம இருக்கணும்ல? இருக்காது. ‘அடையாளம் தெரியாதது, திரும்பத் திரும்ப வருது’ன்னு எழுதி மேனேஜருக்கு அனுப்பிடும். எங்க தெருவுல ஒரு அம்மா இருக்காங்க, அவங்களும் இதே வேலையத் தான் பண்றாங்க. மின்சாரம் கூட வேணாம்.

நீங்க பாருங்க, பாருங்க. வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க. இப்போ செய்தி ஓடுது, அடுத்து பாட்டு. அது வரைக்கும் ஸ்டூடியோவுல நான் தேவையில்ல. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர் போதும்.

என்னத் தெரியுதுல்ல? மூஞ்சியப் பாத்தா தெரியாது, கண்ண மூடிட்டுக் கேளுங்க, தெரியும். ‘காலை வம்பு’. நானும் எங்க வீட்டுக்காரரும். நான் பேசுவேன், அவர் சிரிப்பார். அவ்வளவு தான் நிகழ்ச்சி. சும்மா சொல்லல, ஊர்ல பாதிப் பேர் அதக் கேட்டுட்டுத் தான் பல்லு விளக்குறாங்க. நான் ஒரு ஜோக் சொன்னா அவர் ‘ஹா ஹா ஹா’ன்னு வாய் விட்டுச் சிரிப்பார், கடைசியில ஒரு சின்ன இருமல் வரும். ஆம்பளைங்க என்கிட்டயே வந்து சொல்லியிருக்காங்க, பொண்டாட்டி பேச்சுக்கு இப்படிச் சிரிக்க ஒரு பெரிய மனசு வேணும்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

அப்போ தான் உங்க கம்பெனி இந்த மெஷினக் கொண்டு வந்து வச்சுது.

முதல் ரிப்போர்ட் வந்தன்னிக்கு மீட்டிங். மேனேஜர், விளம்பரப் பிரிவு மேடம், இன்ஜினியர், நாங்க ரெண்டு பேர். எல்லாத்துக்கும் பேர் கண்டுபிடிச்சாச்சு, சோப்பு, சிமெண்ட்டு, பல் ஆஸ்பத்திரி. ஒண்ணு மட்டும் யாருக்கும் பிடிபடல. தினமும் காலையில வருது, ஒரே நாள்ல பல தடவ வருது. விளம்பரப் பிரிவு மேடம் கொதிக்கிறாங்க, “நமக்குத் தெரியாம எவனோ ஓசியில விளம்பரம் ஓட்றான் சார்”னு. நானும் ஆமா ஆமான்னேன். நான் தான் தம்பி கேட்டேன், “போட்டுக் காட்டுங்க, எவன்னு பாப்போம்”னு. என் வாய் சும்மா இருக்காது.

போட்டாங்க.

‘ஹா ஹா ஹா.’ அப்புறம் அந்த இருமல்.

அடுத்த நாளோடதப் போட்டாங்க. அதே ஹா ஹா ஹா, அதே இருமல். அதுக்கடுத்த நாள். அதுக்கடுத்த நாள். இன்ஜினியருக்கு மூளை வேணாமா, ஒண்ணு போட்டா போதாதா? வரிசையாப் போட்டுட்டே இருக்கார். யாரும் நிமிரல. எங்க வீட்டுக்காரர் மேல ஃபேனப் பாத்துட்டு இருக்கார், அது ஓடவே இல்ல.

புரியுதா தம்பி? அவர் சிரிக்கவே இல்ல. ஒரு சிரிப்பப் பதிவு பண்ணி பட்டன்ல வச்சிருக்கார். நான் ஜோக் சொன்னா அமுக்குவார். எதுத்தாப்புல தான் உக்காந்திருக்கேன், கவனிக்கலையான்னு நீங்க கேக்கலாம். எப்படிங்க கவனிக்கிறது? ஜோக் முடிஞ்சா நான் அடுத்த பேப்பரப் பாக்கணும். காதுல ஹெட்போன், அதுல சிரிப்பு வருது. மனுஷன் சிரிக்கிறார்னு தானே நினைப்பேன்? வீட்ல குழாயில தண்ணி வந்தா, தொட்டியில ஏறிப் போயா பாக்குறோம்?

வீட்டுக்குப் போற வழியில கார்ல கேட்டேன். சண்டை போடல. மரியாதையாத் தான் கேட்டேன். ரெண்டு சிக்னல் தாண்டினோம். அப்புறம் சொல்றார், “நீ தானே சொன்னே, என் சிரிப்பு காத்து போற டயர் மாதிரி இருக்குன்னு.”

சொன்னேன். இல்லன்னு சொல்லல. நிகழ்ச்சி ஆரம்பிச்ச புதுசுல சொன்னேன். அவரோட நல்லதுக்குத் தான் சொன்னேன். உண்மையிலயே அவருக்குச் சிரிப்பு சத்தமா வராது தம்பி. உஸ்ஸ்ஸ்ஸ்னு ஒரு காத்து போகும், தோள் குலுங்கும், கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு தான். ரேடியோவுல தோள் தெரியுமா? ஒரு நேயர் போன் பண்ணிக் கேட்டார், உங்க ஸ்டூடியோவுல கேஸ் எதுவும் கசியுதான்னு. அதான் வீட்ல உக்கார வச்சுப் பழக்கினேன். “வயித்துல இருந்து சிரிங்க, ஹான்னு வாயத் திறங்க.” இதுல என்ன தப்பு? பாட்டுக்கு டீச்சர் வச்சுக்கிறாங்க, சிரிப்புக்கு நான் இருந்தேன். ஒரு நாள் ஸ்டூடியோவுல ஜோராச் சிரிச்சார். “இது தான், இப்படியே சிரிங்க”ன்னேன். சரி, இப்படியே சிரிக்கிறேன்னு அதையே எடுத்து பட்டன்ல வச்சிட்டார்.

அதுல இன்னொரு விஷயம் இருக்கு, அத நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. அந்த ஜோரான சிரிப்பு என் ஜோக்குக்கு வந்தது கூட இல்ல. இன்ஜினியர் சொன்ன ஏதோ ஒண்ணுக்கு வந்தது.

மேனேஜர் பட்டனுக்குத் தடை போட்டார். “இனிமே லைவா சிரிங்க”ன்னார். சரின்னு அடுத்த நாள் உக்காந்தோம். நான் ஜோக் சொன்னேன். அமைதி. இன்னொண்ணு சொன்னேன். இவர் என்னப் பாக்குறார், நான் இவரப் பாக்குறேன், மைக் எங்க ரெண்டு பேரையும் பாக்குது. வாயத் திறந்து ‘ஹ’ன்னார். தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இருந்துச்சு. போன் வர ஆரம்பிச்சிருச்சு. வீட்ல சண்டையா, உடம்பு சரியில்லையா, பிரிஞ்சிட்டீங்களா. என் மாமியார் போன் பண்ணி, “என் பையன ஒரு சிரிப்பு சிரிக்கக் கூட விடமாட்டியா”ங்கிறாங்க. நான் என்னங்க பண்ணேன்?

வீட்லயும் பேச்சு கொறஞ்சிருச்சு. சாப்பிடுறீங்களா, சாப்பிடுறேன். லைட்ட அணைக்கவா, அணை. இத்தன நாளா வீட்ல சிரிச்சதாவது நிஜமான்னு எனக்கு ஒரு சந்தேகம். கேக்கவும் பயமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் நடந்தத எப்படிச் சொல்றது. அறிவிப்பு வாசிச்சிட்டு இருந்தேன். ஒரு பேப்பர்ல, ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்குப் பாராட்டு விழா. இன்னொண்ணுல, காணாமப் போன பூனை. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. நான் பாட்டுக்கு வாசிக்கிறேன், “நீண்ட காலம் பள்ளிக்காக உழைத்த நம் அன்புத் தலைமை ஆசிரியர், வால் நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும், பார்த்தவர்கள் கிண்ணத்தில் பால் வைத்துப் பிடித்துக் கொடுக்கவும்.”

வாசிச்சு முடிச்சப்புறம் தான் எனக்கே உறைச்சுது. நிமிந்து பாக்குறேன், மனுஷன் மேசை மேல தலையக் கவுத்துட்டார். உஸ்ஸ்ஸ்ஸ். நாலு டயர்லயும் ஒண்ணாக் காத்து போகுது. தோள் குலுங்குது, மூக்கு ஒழுகுது. பள்ளிக்கூடத்துல இருந்து என்னென்ன கேக்கப் போறாங்களோன்னு நான் போனையே பாக்குறேன், இவர் கர்சீப்பத் தேடுறார்.

அந்தச் சிரிப்ப உங்க மெஷின் பிடிக்கவே இல்ல தெரியுமா. ரிப்போர்ட்ல தேடினேன், இல்ல. இன்ஜினியரக் கேட்டா, “அது ஒரு தடவ தானே மேடம் வந்துச்சு, மறுபடி வந்தா தான் இதுக்குத் தெரியும்”ங்கிறார். நல்லாயிருக்கே நியாயம். பொய்ச் சிரிப்புக்கு ஒரு பக்கம் ரிப்போர்ட், நிஜமாச் சிரிச்சதுக்கு ஒரு வரி கூட இல்ல.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்த வாரம் ரிப்போர்ட்ல புதுசா ஒரு ‘அடையாளம் தெரியாதது’ வந்திருக்கு. மேனேஜர் இன்னும் பாக்கல, மத்தியானம் மீட்டிங்ல தான் பாப்பார். அத மட்டும் நீங்க எடுத்துடணும்.

யாரோடதா? அது… உஸ்ஸ்ஸ்ஸ் தான்.

இல்ல, அவர் பண்ணல. பாவம், அவருக்குத் தெரியாது. நான் தான் இன்ஜினியரக் கெஞ்சி, அன்னிக்கு வந்த சிரிப்ப வெட்டி எடுத்து, என் பக்கத்துல ஒரு பட்டன்ல போட்டு வச்சேன். அப்படிப் பாக்காதீங்க தம்பி. பூனைக்கப்புறம் மறுபடியும் அமைதி தான். நானும் எவ்வளவு நேரம் தான் தனியாப் பேசுறது? ஜோக் சொல்லுவேன், அமுக்குவேன், உடனே குனிஞ்சு பேப்பரப் பாப்பேன். அவர் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. திங்கக்கிழமை அமுக்கினேன், செவ்வாக்கிழமை அமுக்கினேன், நேத்தும் அமுக்கினேன். மூணு தான். மூணையும் அழிச்சிடுங்க.

என்ன, ரெண்டு தான் இருக்கா? இல்லயே, நேத்து அமுக்கினேனே. பல் டாக்டர் ஜோக். நல்லாப் பாருங்க.

வேறயா? எது வேற? …நேத்து வந்த சிரிப்பு முன்னாடி வந்தது இல்லங்கிறீங்களா? புதுசுன்னா? அதே பட்டன் தானே தம்பி அமுக்கினேன். ஹெட்போன்ல எனக்குக் கேட்டுச்சே.

எங்க, போடுங்க. …ம். …ஆமா. இது நீளமா இருக்கு. நடுவுல மூச்சு இழுக்கிறார். அதுல இந்த மூச்சு கிடையாது.

அப்போ என் பட்டன் சத்தம் வெளிய போகவே இல்ல. எப்படிப் போகாம இருக்கும்? அதோட வால்யூமக் கூட்டிக் குறைக்கிற கட்டை அவர்கிட்ட தான்… எல்லாக் கட்டையும் அவர் பக்கம் தான் இருக்கு.

இறக்கி வச்சிருக்கார். தெரிஞ்சிருக்கு மனுஷனுக்கு. திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கும், அவரோட சிரிப்பு அவருக்குத் தெரியாதா. ஒரு வார்த்தை கேக்கல. கட்டைய இறக்கி வச்சிட்டு, அவரே சிரிச்சிருக்கார்.

எதப் பாத்துச் சிரிச்சார் தம்பி? பல் டாக்டர் ஜோக்குக்கா, இல்ல, நான் குனிஞ்சுக்கிட்டு ஓடாத பட்டன அமுக்கிட்டு உக்காந்திருந்ததப் பாத்தா? அது சொல்லாதா உங்க மெஷின்? சொல்லாதா. இத்தனையும் காதுல வாங்கிக்கிட்டு இத மட்டும் சொல்லாது.

பாட்டு ஆரம்பிச்சிருச்சு, நான் போகணும். அந்த ரெண்டையும் அழிச்சிடுங்க. இதத் தொடாதீங்க. பேரும் போட வேணாம். …இன்னொரு தடவ போடுங்க, மூச்சு இழுக்கிற இடத்துல இருந்து. …ம். இன்னொரு தடவ.

தம்பி? எங்க, பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டீங்க? சரி, போங்க, போங்க. இத மறுபடி போடுறதுக்கு எத அமுக்கணும்னு மட்டும் காட்டிட்டுப் போங்க.