சொல்லிக்கொள்ளாமல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், ஊர் ஊராய்க் காலரா ஊசி போடுகிற சுகாதார ஊழியர் இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பல்லாம் வீட்டுல சொல்லிக்கிடாமத்தான் கிளம்புதேன், அண்ணாச்சி," என்றார் இளையவர்.

"என்னவே இது? இழவு வீட்டுலதான் சொல்லிக்கிடாம கிளம்புவாவ."

"இலஞ்சியில ஒரு வீட்டுல ஊசி போட்டுட்டு, பழக்கத்துல 'போயிட்டு வாரேன்'னுட்டேன். அந்தம்மா பதறிப்போயி, 'நீரு வரவே வேண்டாம்யா'ன்னு கும்பிட்டா. அதுலருந்து பொஞ்சாதிகிட்டகூட அந்தச் சொல்லு வரமாட்டேங்கு. அவ தெனமும் அழுவுதா."

மூத்தவர் சற்று யோசித்தார். "இறங்கும்போது எங்கிட்ட சொல்லிப் பாரும்."

மேலகரத்தில் ஊசிப்பெட்டியோடு இறங்கிய இளையவர், திரும்பி நின்று வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பஸ் நகர்ந்தது.

மூத்தவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்:

"நீரு சொன்னது கேட்டுட்டுவே! நல்லபடியா வாரும்!"