கட்டில் கிடைக்காத வியாதி

...ஒரு கட்டிலு, தம்பி. ஒரே ஒரு கட்டிலு குடுக்கத் துப்பில்ல அந்த ஆஸ்பத்திரிக்கி. நொரையீரல்ல ரத்தம் கட்டியிருக்குன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. சொல்லிட்டு, அதே வாயால வீட்டுக்குப் போங்கங்கறாங்க. ஒக்காருங்க, மாடியிலேந்து எறங்கி வந்துட்டு ஏன் நிக்கிறீங்க. தண்ணி மோட்டாரு நல்லாத்தான் ஓடுது, அதுக்குக் கூப்புடல.

போன மாசம் கணுக்கால் பெரண்டுச்சில்ல? கட்டுப் போட்டுக்கிட்டு நாலு வாரம் டிவி முன்னாடியே கெடந்தேன். எம்பொண்டாட்டி பெரியநாயகி தட்ட கையிலயே குடுத்துடுவா. எந்திரிச்சி நடங்கன்னு அப்பவே சொன்னாங்கதான். யாரு நடக்குறது? கால்ல ஒறைஞ்ச ரத்தம் மேல ஏறி நெஞ்சுல ஒக்காந்துக்கிச்சாம். நேத்து கோட்டுச்சேரி கடைத்தெருவுலேந்து திரும்பறதுக்குள்ள மூச்சு வாங்கி, வெலாவுல சுருக்குன்னு குத்தி... சரின்னு காரைக்காலுக்கு ஆட்டோ புடிச்சேன்.

படம் புடிச்சாங்க, ரத்தம் எடுத்தாங்க, வெரல்ல ஒரு கிளிப்ப மாட்டுனாங்க. உமாமகேஸ்வரின்னு ஒரு டாக்டரு, சின்னப் பொண்ணு. கட்டி சின்னதுதான், பிரஷரு, ஆக்சிஜன் எல்லாம் சரியா இருக்கு, ஆபத்து கம்மி, மாத்திரையே போதும்னுச்சு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டோட. ஒரு குளுக்கோஸ் பாட்டில்கூட ஏத்தல. வெளிய சொன்னா யாராவது நம்புவாங்களா?

சுரக்குடி தங்கப்பன எடுத்துக்கங்க. எங்கூட கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல வேல பாத்தவன். வயித்துப்போக்கு. வெறும் வயித்துப்போக்குக்கு எட்டு நாளு தனி ரூமு. நானே ஆப்பிள் வாங்கிட்டுப் போயி பாத்தேன். எனக்கு நெஞ்சுல ரத்தக்கட்டி, ஒரு சாத்துக்குடிக்கி வழியில்ல.

அந்த டாக்டரு பொண்ணு ஒரு தாள வச்சிக்கிட்டு கேள்வியா கேட்டுச்சு. எங்கயாவது ரத்தம் வருதா, கேன்சர் உண்டா, கிட்னி எப்படி... எல்லாத்துக்கும் உள்ளதச் சொன்னேன். கடைசியா, வீட்ல பாத்துக்க ஆளு இருக்கா, இல்லன்னா வார்டுலயே வச்சிப் பாத்துக்குறோம்னுச்சு. அந்த நேரம் பாத்து தங்கப்பன் சுகர் மாத்திரை சீட்டோட பக்கத்துல வந்து நிக்கிறான். எம்மவன் மாறன் எங்கூடவே வந்துட்டான், வீட்டுலேந்துதான் வேலன்னு பொங்கலுக்கே அவங்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இப்ப போயி, மவன் பெங்களூர்லதான் இருக்கான், பேரனப் பாக்க பொண்டாட்டியும் போயி பத்து நாளாச்சுன்னு அவன் காதுபடச் சொல்லச் சொல்றீங்களா? மவன் கூடவே இருக்கானேன்னுட்டேன். அந்தப் பொண்ணுக்கு அப்படியொரு சந்தோஷம். அப்பன்னா நீங்க வீட்டுக்கே போலாம்னு சீட்டக் கிழிச்சிக் குடுத்துச்சு.

நேரமாச்சா? ஒரு அஞ்சு நிமிஷம், தம்பி. நீங்க குடி வந்த ஏழு மாசத்துல ஒரு ஒதவின்னு கேட்டுருக்கேனா? வாடகைக்கி விட்டதுகூட மாறன்தான், அங்கேருந்து போன்லயே. அது வந்து... தெனம் பத்து மணிக்கி நர்ஸு கூப்புட்டு மவன்கிட்ட விசாரிக்குமாம். பெங்களூரு நம்பரக் குடுத்தா பெரியநாயகி பச்சப்புள்ளய விட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சிடுவா. அதான் ஒங்க நம்பரக் குடுத்துட்டேன். கோவிச்சிக்காதீங்க. பேரு மாறன். அப்பா சாப்புட்டாரு, மாத்திரை போட்டாரு, மூச்சு நல்லாருக்குன்னா போதும்.

போட்டேனான்னா... போடல. நேத்து ராத்திரியும் போடல. சாப்பாட்டோட போடணும்னாங்க, சாப்பாடு யாரு செய்யிறது? அடுப்புக்கிட்ட தனியா நிக்கவே பயமா இருக்கு, தம்பி. விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?

அந்தா, அடிக்கிது. எடுங்க. ...எங்கிட்ட ஏன் நீட்டுறீங்க? எம்மவனா நானே எப்படிப் பேசறது? ...சரி, குடுங்க.

அலோ... தெட்சிணாமூர்த்திதாம்மா. மாறன் இங்க இல்ல, பெங்களூர்ல இருக்கான்... இல்லம்மா, நேத்தும் இல்ல... மாத்திரை போடல, ரெண்டு வேளையும்... சரி. சரிம்மா, இப்பவே வர்றேன். ...தனியா வரல, ஆளு இருக்கு. மாடியில குடியிருக்குற தம்பி. வண்டிச் சாவிய கையில எடுத்துட்டாரு... இல்லம்மா, இது பொய் இல்ல, எதுக்கத்தான் நிக்கிறாரு. ...பேரா? ஒரு நிமிஷம் இருங்கம்மா.

தம்பி, ஒங்க பேரு என்ன?