குதிரை நழுவவில்லை

மாயாபந்தர் நீதித்துறை நடுவர் முன்பாக 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதிவு செய்யப்பட்டது.

எனது பெயர் விசாலாட்சி. வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் முத்துகிருஷ்ணன், காலமாகிவிட்டார். மாயாபந்தர் படகு ஜெட்டியிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் பாக்குத் தோட்டத்து வீட்டில் வசிக்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம். கல்யாணமாகி இந்த அந்தமான் தீவுக்கு வந்தேன். பிள்ளைகள் இல்லை. எனக்கு ஹிந்தி பேச வரும் என்றாலும் இந்த விஷயத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்று நான் சொன்னதால் தமிழ் தெரிந்த எழுத்தரை வைத்து எழுதுகிறார்கள். நான் எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கே பாதகமாகலாம் என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொல்லி, யோசிக்க நேரமும் கொடுத்தார்கள். போலீஸார் யாரும் அறையில் இல்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. நானாகத்தான் வந்தேன்.

என் கணவர் கட்டிட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தவர். 2004 டிசம்பரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கூரை மாற்றும் வேலைக்காகப் போனவர் சுனாமியில் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு அவருடைய தம்பி ஜெகநாதன் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து, அண்ணன் போட்டோவை வைத்துக்கொண்டு முகாம் முகாமாகத் தேடினார். இறப்புச் சான்றிதழுக்கு அலைந்ததும் அவர்தான். அதன் பிறகு ஊருக்குத் திரும்பாமல் மாயாபந்தர் பஜார் பக்கம் தனியாக வீடெடுத்துத் தங்கி, என் தோட்டத்து வேலைகளையும் பார்த்து வந்தார். விளைச்சலில் அவர் என்னை ஒருபோதும் ஏமாற்றியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட ரிவால்வர் என் மாமனார் மரம் அறுக்கும் மில் நடத்திய காலத்தில் வாங்கியது. அவருக்குப் பிறகு என் கணவர் பெயரிலும், அதன் பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயரிலும் லைசென்ஸ் மாறியது. அது பழைய மாதிரித் துப்பாக்கி. அதன் பின்பக்கம் குதிரை என்று சொல்லும் இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுத்தான் சுட முடியும். இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. என் மாமனாருக்கும் கணவருக்கும் பெரிய கை. என் கைக்குக் குதிரை எட்டாது. எட்டிப் பிடித்தால் கைப்பிடி விரலை விட்டு வழுகும்.

சென்ற வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, குண்டு இல்லை என்று காட்டுவதற்காகக் குதிரையை இழுக்கச் சொன்னார்கள். என்னால் ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் முயன்று பார்த்துவிட்டு, அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்து இழுத்தபோது புடவைத் தலைப்பு குதிரையில் மாட்டிக்கொண்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். துணைக்கு வந்திருந்த ஜெகநாதனும் சிரித்தார். "இங்கிட்டுக் குடுங்க மதினி" என்று வாங்கி ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "பாபிக்கு பந்தூக் எதுக்கு பாய், பேலன் போதும்" என்றார். பாபி என்றால் அண்ணி, பந்தூக் என்றால் துப்பாக்கி, பேலன் என்பது சப்பாத்திக் கட்டை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குப் பிடிக்குமென்று ஜீப்பை நிறுத்தி ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நான் அதை மாட்டுத் தொட்டியில் போட்டேன்.

துப்பாக்கிப் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய இன்னொரு குதிரை இருந்தது. அதன் வால் தாழ்வாகவும் அகலமாகவும் வளைந்திருக்கும். வாங்கும்போதே கூட வந்தது என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அதை மாற்றிப் போட்டால் என் விரலுக்கு எட்டும் என்று தோன்றியதால், அதன் பிறகு ஜெட்டிக்குப் பக்கத்தில் படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் குழந்தைவேலுவிடம் இரண்டையும் கொண்டு போனேன். அவர் சிலோன் மலையகத்திலிருந்து வந்து கச்சாலில் குடியமர்ந்த குடும்பத்தவர். அங்கே ரப்பர் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்து, சுனாமியில் வீடு வாசலை இழந்து, முகாமில் கிடந்து, பிறகு மாயாபந்தருக்கு வந்தவர். என் கணவரை அவருக்குப் பழக்கம் உண்டு.

துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துக்கொண்டார். "இது ஏலாதுங்கம்மா. என்ஜின்னா எதுன்னாலும் செய்வேன். இதுக்கு லைசென்ஸ் உள்ளவங்க இருப்பாங்க, போர்ட் பிளேருக்குக் கொண்டு போங்க" என்றார். அதற்கு நான், "எங்க வீட்டுக்காரரு கடைசியாச் சாப்பிட்டது உங்க வீட்டுலதான தம்பி. அவரு வந்து கேட்டா மாட்டேன்னு சொல்வீகளா?" என்று கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் அவர் மறுக்கமாட்டார் என்று தெரிந்துதான் எடுத்தேன். அவர், "வச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் என் கையைத் தொடாமல், படகு ஓட்டையை அடைக்கும் மாவை உருட்டிப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். விரல் பதிந்த அடையாளத்தை வைத்து அளவு பார்த்துக்கொண்டார். மறுபடி வரச் சொன்னபோது குதிரையை மாற்றிப் பொருத்தி வைத்திருந்தார். குண்டில்லாத துப்பாக்கியை என் கையில் கொடுத்துத் திரும்பத் திரும்ப இழுக்கச் சொன்னார். குதிரை இழுத்து நிற்கும்போது மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "கை நடுங்கினாலும் இது நழுவக் கூடாதும்மா, அதான் பாக்கிறேன்" என்றார். "குண்டு போட்டு மட்டும் வீட்டுல வைக்காதீங்க" என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பல நாள் இழுத்துப் பார்த்தேன். என் கைக்காகவே செய்தது போல இருந்தது. ஜெகநாதனிடம் இதைச் சொல்லவில்லை.

தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடும்படி ஜெகநாதன் சுனாமிக்குப் பிறகு பலமுறை கேட்டிருக்கிறார். "ஒத்தப் பொம்பள இந்தக் காட்டுக்குள்ள என்ன பண்ணுவீக மதினி? நம்ம வீட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் கெடக்கு" என்பார். நான் சரி என்றும் சொன்னதில்லை, மாட்டேன் என்றும் சொன்னதில்லை. சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது அவர் தப்பு என்று சொல்ல முடியாது.

இந்த வருடம் ஜனவரி மாதம் பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம், ஜெகநாதன், ஹேவ்லாக் தீவுக்காரரான சொக்கலிங்கம் என்பவரையும் இடம் அளக்கும் ஆளையும் ஜீப்பில் அழைத்து வந்தார். சொக்கலிங்கம் தோட்டத்தை வாங்க வந்தவர். வாசலில் வேலைக்காரப் பெண்கள் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் என்னிடம் "டீ போடுங்க மதினி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனார். அடுப்படி ஜன்னல் வழியாக, எந்த மரங்களை வெட்டினால் ஜீப் உள்ளே வரை வரும் என்று அவர்கள் பேசுவது கேட்டது. அதில் என் கணவர் வைத்த பலா மரத்தையும் சொன்னார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். குண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தது என்று போலீஸில் முன்பு சொன்னது பொய். அப்போதுதான் நான் போட்டேன்.

வாசலுக்கு வந்து, "அளக்கிறத நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். ஜெகநாதன் என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். "இந்த வெயிலுக்குள்ள அத எதுக்கு மதினி தூக்கிக்கிட்டு வாரீக? குதிரைய இழுக்க இன்னொரு ஆளுல்ல வேணும் உங்களுக்கு" என்றார். சொக்கலிங்கம் சிரித்தார். பாக்கு உரித்த பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் ஒரு கையால், கட்டைவிரலால் மட்டும் குதிரையை இழுத்து நிறுத்தினேன். ஜெகநாதன் முதலில் என் விரலைப் பார்த்தார், அதன் பிறகு முகத்தைப் பார்த்தார். "மதினி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் சுட்டேன்.

குண்டு அவர் வலது கையில் முழங்கைக்கு மேலே பட்டது. பாக்கு மட்டைக் குவியலில் விழுந்தார். பெண்கள் அலறி ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கீழே கிடந்தபடி முதலில் சத்தம் போட்டவர் ஜெகநாதன்தான். "குதிரை நழுவிருச்சு! மதினி மேல தப்பு இல்ல, குதிரை நழுவிருச்சு!" என்று சொக்கலிங்கத்தைப் பார்த்துக் கத்தினார். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே அதைச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்துதான் நான் எடுத்துக்கொண்டேன். போலீஸார் வந்தபோது நானும் அதையே சொன்னேன்.

அதன் பிறகு துப்பாக்கியைச் சோதித்த போலீஸார் குதிரையில் புதிதாக அரம் போட்ட தடத்தைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்கள். நான் குழந்தைவேலு பெயரைச் சொன்னதோடு, அவர் சரியாகப் பொருத்தவில்லை என்றும் சொன்னேன். வேண்டாம் என்று அவர் மறுத்ததையும், நான் வற்புறுத்தியதையும் சொல்லவில்லை. அவரைப் பட்டறையிலிருந்து அழைத்துப் போனார்கள். குதிரையை மாற்றியது தான்தான் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். துப்பாக்கியைப் பரிசோதனைக்கு மெயின்லேண்டுக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வரக் காலமாகும் என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஜெகநாதனைப் பார்க்கப் போனேன். அவருக்கு வலது கை மடங்கவில்லை. இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், துண்டு சட்டையில் விழுந்தது. நான் எடுக்கப் போனபோது கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். என்னைப் பார்த்துப் பயந்து சாய்ந்தார் என்று இருவருக்குமே தெரிந்தது. நான், "குழந்தைவேலுவ உள்ள வச்சிருக்காகளே" என்றேன். "அவன் வெளியாளு மதினி. கொஞ்ச நாள்ல விட்டுருவாக. நீங்க உள்ள போனா நம்ம குடும்பம் தலை தூக்க முடியுமா? அண்ணன் பேரு என்னாகும்?" என்றார். நான் மாயாபந்தருக்குத் திரும்பிவிட்டேன்.

ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் குழந்தைவேலு சிறையிலேயே இருந்தார். சென்ற வாரம் அவர் மனைவி ராணி என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவை முழுவதும் திறக்காமல் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். ஜெகநாதன் ஐயாவுக்குக் கை எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். அதன் பிறகு, "அம்மா, ஒண்ணு கேக்கணும். இழுக்கையில அது எப்படி நழுவிச்சு? பாதியில நழுவிச்சா, இழுத்து நின்ன பெறகு நழுவிச்சா? அவரு அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு. எந்த எடத்துல தப்பு விட்டோம்னு தெரியணும்கிறாரு. ராத்திரியெல்லாம் வெரல வச்சுச் செவுத்துல இழுத்து இழுத்துப் பாக்கிறாராம். ஒரு மனுசன் கை என்னால போச்சே, இனி அரத்தத் தொடமாட்டேன்கிறாரு" என்றார்.

என் பொய்யை ஊரில் மற்றவர்கள் நம்பியது எனக்குத் தெரியும். குதிரையைப் பொருத்திய மனிதரே அதை நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "எனக்கு ஞாபகமில்ல ராணி" என்றேன். உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கி, "வாரேன்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் எனக்குக் கும்பிடு போட்டதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முன்பு சொன்னது பொய் என்றேன். அவர்கள் என்னை இங்கே அனுப்பினார்கள். ஜெகநாதனுக்குப் போனில் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

குழந்தைவேலு போட்ட குதிரை நழுவவில்லை. நான் நிறுத்திய இடத்தில் நின்றது. லைசென்ஸ் இல்லாமல் அவர் அந்த வேலையைச் செய்தது என் வற்புறுத்தலால்தான். ஜெகநாதனுக்கு ஏற்பட்ட காயத்துக்கு வேறு யாரும் பொறுப்பில்லை.

அவரைக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். குண்டு எங்கே படும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவர் கேலி செய்து சிரித்த ஆத்திரத்தில் சுட்டீர்களா என்று கேட்டதற்கு, அப்படிச் சொன்னால் எனக்கு நல்லது என்று தெரிகிறது, ஆனால் அது சரியில்லை. நான் குதிரையை இழுத்ததுமே அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கியைக் கீழே இறக்கியிருக்கலாம், அளப்பதும் நின்றிருக்கும், எனக்கு வேண்டியது அதுதான். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகுதான் விசையை அழுத்தினேன். இத்தனை நாள் என் வாயில் வராமல் இருந்தது இதுதான்.

எழுதியது முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "அதன் பிறகு துப்பாக்கி வெடித்தது" என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "நான் சுட்டேன்" என்று எழுதும்படி கேட்டேன். எழுத்தர் நடுவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றி எழுதினார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)
மு. விசாலாட்சி