எர்த்து போட்ட ரூம்

படப்பையில் ஏறிய ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த எலக்ட்ரீஷியன் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“நம்ம செல்வம் ஷாக் அடிச்சுச் செத்தானே, அந்த ரூமுக்கு நேத்து எர்த்து போட்டேன்.”

“இப்பத்தான் போடறானா வூட்டுக்காரன்? அவன் கூப்ட்டா நீ போயிடுவியா?”

“இன்னா பண்றது? புதுசா ரெண்டு பேரு குடி வந்துகீறாங்க. பாத்ரூம் குழாயத் தொடவே பயந்தாங்க. வேலை முடிஞ்சதும் ஹீட்டரைப் போட்டு, டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லன்னு காட்னேன். நம்பல. அப்புறம் நானே வெறுங்கையால குழாயப் புடிச்சேன்.”

“செல்வம் புடிச்ச குழாயா?”

“அதே தான். சுடுதண்ணி வந்துச்சு. அவங்க சிரிச்சுக்கினே குளிக்கப் போனாங்க. நான் வெளிய வந்து வண்டி மேல குந்திக்கினு இருந்தேன். சாவியப் போட முடியல, வண்டிய அங்கயே வுட்டுட்டு நடந்து வந்துட்டேன்.”